மனச்சிதைவு நோய், கண்ணசைவு, நிக்கோட்டின்: ஒரு விளக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனச்சிதைவு நோய் (ஸ்கிட்சோஃப்ரீனியா) உள்ளவர்களின் கண்ணசைவைப் புகையிலையில் உள்ள நிக்கோட்டின் சீராக்குகிறது என்ற செய்தி அண்மையில் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வெளிவந்தது. செய்தி பொய்யன்று. ஆனால் சிகரெட் பிடித்தால் மூளை தெளியும் என்று பொருள்படும் தலைப்போடு வந்ததால், இந்த நோயோடு வாழும் குடும்பங்கள் சிலவற்றில் அது ஓர் அனுமதிச் சீட்டாகவே படிக்கப்பட்டிருக்கிறது. அரசுப் பணியில் கண் மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலைக்குப் போகும் என் தங்கை மகன் பல ஆண்டுகளாக இந்த நோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வருகிறான். இந்த இரண்டு காரணங்களால், செய்தியில் விடுபட்டவற்றைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. நான் மனநல மருத்துவன் அல்லன் என்பதையும், மாத்திரை பற்றி இங்கே எழுதும் எதையும் மருத்துவரிடம் கேட்காமல் யாரும் செய்து பார்க்கக் கூடாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செய்தியில் வரும் ‘கண்ணசைவு’ எது என்பது தெரிந்தால்தான் மற்றவை விளங்கும். விழித்திரையில் மிகக் கூர்மையாகப் பார்க்கும் பகுதி அதன் நடுவிலுள்ள மையக்குழி என்னும் மிகச் சிறிய இடம் மட்டுமே. பார்க்க வேண்டிய பொருளின் பிம்பம் அந்த இடத்தில் விழும்படி கண்ணைத் திருப்பிக்கொண்டே இருப்பதுதான் கண்ணசைவின் வேலை. அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று தாவல்: இந்தக் கடிதத்தைப் படிக்கும்போது உங்கள் கண் வினாடிக்கு ஏறத்தாழ மூன்று முறை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவுகிறது. மற்றது, நகரும் பொருளின் வேகத்துக்கு ஈடாக வழுக்கிச் செல்லும் தொடரசைவு. சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் இரவில் மொட்டைமாடியில் நின்று, மலைப்பாதையில் ஏறும் வண்டியின் விளக்கைப் பார்ப்பவரின் கண் செய்வது இந்த வேலையைத்தான். தொடர ஒரு பொருள் இல்லாமல் இந்த அசைவை நாமாக வரவழைக்க முடியாது. வெற்றுச் சுவரின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு மெல்லப் பார்வையை ஓட்டிப் பார்த்தால், கண் வழுக்காமல் சிறு சிறு தாவல்களாகவே போகும்.

மனச்சிதைவு நோய் உள்ளவர்களில் பலருக்கு இந்தத் தொடரசைவு பிசகுகிறது என்பது புதிய கண்டுபிடிப்பு அன்று. அமெரிக்காவில் டீஃபெண்டார்ஃப், டாட்ஜ் என்ற இருவர் 1908-லேயே கண்ணசைவைப் புகைப்படத் தகட்டில் பதிவு செய்து இதை எழுதியிருக்கிறார்கள். பிறகு நெடுங்காலம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத இந்த விஷயத்தை, 1973-ல் ஃபிலிப் ஹோல்ஸ்மனும் அவருடன் பணியாற்றியவர்களும், ஆடும் ஊசலைப் பார்க்கச் சொல்லிப் பதிவு செய்து மீண்டும் கவனத்துக்குக் கொண்டுவந்தார்கள். அடுத்த ஆண்டே அவர்கள் சொன்ன இன்னொரு செய்திதான் ஆராய்ச்சியாளர்களைப் பெரிதும் ஈர்த்தது: நோய் இல்லாத பெற்றோர், உடன்பிறந்தோர் பலரிடமும் இதே பிசகு காணப்பட்டது. ஆகவே இது மாத்திரையால் மட்டும் வருவது அல்ல, பரம்பரையாக வரும் ஏதோ ஒன்றின் அடையாளம் என்ற எண்ணம் வலுத்தது.

பிசகு இரண்டு விதம். கண் பொருளுக்குப் பின்தங்கி, பிறகு எட்டிப் பிடிக்கத் தாவுவது ஒரு விதம். பொருள் வந்து சேருவதற்கு முன்பே கண் முந்திக்கொண்டு தாவி, பிறகு அது வரும்வரை தேங்கி நிற்பது இன்னொரு விதம். நிக்கோட்டின் ஆய்வுகள் அதிகம் கவனித்தது இந்த முன்தாவலைத்தான். பொருள் எங்கே போகும் என்று மூளை ஊகிப்பது இயல்பு. அந்த ஊகத்தின்படி உடனே தாவிவிடாமல் கண்ணைப் பிடித்து நிறுத்தும் கட்டுப்பாடு இவர்களுக்குத் தளர்ந்திருக்கிறது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தப் பிசகு வெறும் கண்ணுக்குத் தெரியாது. கண் முகாம்களில் நாங்கள் விரலை அசைத்துக் ‘கண்ணால் மட்டும் தொடருங்கள்’ என்று சொல்வோமே, அதில் இது பிடிபடாது. அதற்கென்று உள்ள கருவி வேண்டும். களைப்பு, மது, தூக்க மாத்திரை, முதுமை ஆகியவற்றாலும் தொடரசைவு பிசகும் என்பதால், கருவியில் பதிவு செய்தாலும் அதை மட்டும் வைத்து ஒருவருக்கு நோய் உண்டு, இல்லை என்று சொல்லிவிட முடியாது. இதனால் பார்வைக் கூர்மை குறைவதில்லை, கண்ணாடியும் உதவாது.

இனி நிக்கோட்டினுக்கு வருகிறேன். கொலராடோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஃபிரீட்மன் குழுவினர் முதலில் ஆராய்ந்தது கண்ணை அல்ல, காதை. அரை வினாடி இடைவெளியில் இரண்டு ‘டிக்’ ஒலிகளைக் கேட்கும் சாதாரண மூளை, இரண்டாவதற்கு வெகு குறைவாகவே எதிர்வினை காட்டும்; தெரிந்த ஒலிதானே என்று அதை ஒதுக்கிவிடும். மனச்சிதைவு நோய் உள்ளவர்களிடம் இந்த ஒதுக்கல் சரியாக நடப்பதில்லை, ஆனால் புகைத்த உடனே சிறிது நேரத்துக்குச் சரியாகிறது என்று 1993-ல் அவர்கள் தெரிவித்தார்கள். நிக்கோட்டின் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகளில் ஆல்ஃபா-7 என்ற வகைக்கும், 15-ஆவது குரோமோசோமில் அதற்குரிய மரபணு அமைந்துள்ள பகுதிக்கும் இதில் தொடர்பு உண்டு என்று 1997-ல் எழுதினார்கள். அந்தக் குழுவைச் சேர்ந்த ஆன் ஒலின்சியும் மற்றவர்களும் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், புகைக்காமல் காத்திருந்த நோயாளிகள் சிகரெட் பிடித்த பிறகு அவர்களின் முன்தாவல்கள் குறைந்தன.

புகைப்பவரைப் பல மணி நேரம் புகைக்காமல் இருக்கச் சொன்னாலே கவனம் சிதறும்; மீண்டும் புகைக்கும்போது அந்தத் தவிப்பு அடங்குவதைத்தான் முன்னேற்றம் என்று அளந்துவிட்டார்களோ என்ற ஐயம் இதில் எழும். புகைக்காத நோயாளிகளையும் சேர்த்து, மூக்கில் தெளிக்கும் நிக்கோட்டினைக் கொடுத்துப் பார்த்த பிந்தைய ஆய்வுகளின் நோக்கம் இந்த ஐயத்தைத் தீர்ப்பதே. 2002-ல் மான்ட்ரியலில், தோலில் ஒட்டும் பட்டைகளில் நிக்கோட்டின் உள்ளது எது, வெற்றுப் பட்டை எது என்பது கொடுப்பவருக்கும் ஒட்டிக்கொள்பவருக்கும் தெரியாத முறையில் ஓர் ஆய்வு நடந்தது. அதிலும் தொடரசைவு ஓரளவு மேம்பட்டது. ஒரு பக்கம் விளக்கு எரிந்தால் அதைப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும் என்ற எதிர்த்தாவல் சோதனையிலும் தவறுகள் குறைந்தன. இந்தச் சோதனையில் நல்ல உடல்நிலையில் உள்ளவர்களும் சில முறை விளக்கைப் பார்த்துவிடுவார்கள். இந்த நோய் உள்ளவர்கள் இன்னும் அதிகமாகத் தவறுவார்கள்.

இதுவரை சொன்னது செய்தியின் உண்மைப் பகுதி. இதற்கு அப்பால் போக ஆதாரம் இல்லை. இவை சிலரை மட்டும் வைத்துச் செய்த ஆய்வுகள். கிடைத்த மாற்றம் சிறிது. நிற்கும் நேரமும் சிறிது, ஏனெனில் ஆல்ஃபா-7 ஏற்பிகள் நிக்கோட்டின் பட்டதும் வெகு விரைவில் மரத்துப்போகின்றன. கருவியில் பதிவாகும் கண்தாவல் குறைந்ததால் ஒருவருக்குக் காதில் கேட்கும் குரல்கள் குறைந்தன என்றோ, அவர் வேலைக்குத் திரும்பினார் என்றோ யாரும் காட்டவில்லை. நிக்கோட்டினைப் போலச் செயல்பட்டு, அதைவிட நீடித்துப் பயன்தரும் மருந்தைக் கண்டுபிடிப்பதுதான் இந்த ஆராய்ச்சியின் நோக்கமாக இருந்தது. அப்படி உருவான ஆல்ஃபா-7 மருந்துகள் தொடக்கத்தில் நம்பிக்கை தந்தாலும், பலரைக் கொண்டு நடந்த இறுதிக்கட்டச் சோதனையில் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. அதற்கென்றே செய்த மருந்துக்கே இந்த நிலை என்றால், பெட்டிக்கடைப் பீடிக்கு அந்தப் பெருமையைக் கொடுப்பதில் நியாயம் இல்லை.

நோயாளி தனக்குத் தானே மருந்திட்டுக்கொள்கிறார், அதனால்தான் புகைக்கிறார் என்ற கருத்து எப்படி இவ்வளவு பரவியது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்கப் புகையிலை நிறுவனங்களின் உள் ஆவணங்களை ஆராய்ந்து, ஜூடித் புரோசாஸ்காவும் மற்ற இருவரும் 2008-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இந்தக் கருத்துக்கு வலு சேர்க்கும் ஆராய்ச்சிகளுக்கு அந்த நிறுவனங்கள் பணம் கொடுத்ததும், மனநல மருத்துவமனைகளில் புகைத்தடை வராமல் இருக்க முயன்றதும் அதில் இருக்கின்றன. இதனால் எல்லா ஆய்வுகளும் விலைக்கு வாங்கப்பட்டவை என்று சொல்ல மாட்டேன். கொலராடோ குழுவின் வேலை மதிப்புக்குரியது. ஆனால் இந்தக் கருத்து பரவுவதால் யாருக்கு லாபம் என்பதைச் செய்தி எழுதுபவர்கள் மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

நம் ஊரிலிருந்தே ஒரு சான்றும் உண்டு. 20 நாடுகளில் நடந்த 42 ஆய்வுகளைத் தொகுத்து 2005-ல் வெளியான ஒரு கணக்கு, மனச்சிதைவு நோய் உள்ளவர்களில் 62 சதவீதம் பேர் புகைப்பதாகச் சொல்கிறது. சென்னையில் 1984-ல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த சீனிவாசனும் தாராவும் 2002-ல் எழுதிய கட்டுரையோ, இங்குள்ள ஆண் நோயாளிகளிடம் புகைப்பழக்கம் மேலை நாட்டு அளவைவிட வெகுவாகக் குறைவு என்று காட்டியது. நோயின் உயிரியல்தான் புகைக்க வைக்கிறது என்றால், அது கடல் தாண்டியதும் மாறக் காரணம் இல்லை. இங்கே நோயாளி குடும்பத்தோடு இருக்கிறார், கையில் காசு அவ்வளவாக இல்லை, வீட்டில் கண்டிக்க ஆள் இருக்கிறது. பெண்கள் புகைப்பதை ஊர் ஏற்பதில்லை. இவையும் காரணங்கள்தாம்.

வீடுகளில் நடப்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ‘மாத்திரை போட்டால்தான் பீடி’ என்பது சேலத்தின் குகை, அம்மாபேட்டைப் பகுதிகளிலும் மலைக்கிராமங்களிலும் எத்தனையோ தாய்மார்களின் அன்றாட ஒப்பந்தம். மருந்து சாப்பிட மறுக்கும் இருபத்தைந்து வயது மகனை வைத்துக்கொண்டு, தறியையும் பார்த்துக்கொண்டு, வேறு என்ன செய்வார்கள்? அவர்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் அந்த ஒப்பந்தத்தின் இரண்டு பக்கங்களும் ஒன்றையொன்று அழிக்கின்றன என்பதை அவர்களுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும். தங்கள் செய்தியும் அதைச் சொல்லவில்லை.

அது நடக்கும் விதம் இது. கல்லீரலில் சிஒய்பி1ஏ2 என்றொரு நொதி இருக்கிறது. இந்த நோய்க்குக் கொடுக்கும் க்ளோசபின், ஓலன்சபின் என்ற இரண்டு மருந்துகளையும் உடலிலிருந்து அகற்றுவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. புகையிலுள்ள கரிப்பொருள்கள் இந்த நொதியைப் பெருகச் செய்கின்றன. ஆகவே புகைப்பவரின் உடலில் மாத்திரை விரைவாகத் தீர்ந்துபோகிறது. ஓலன்சபின் புகைப்பவர்களின் உடலை விட்டு ஏறத்தாழ 40 சதவீதம் கூடுதல் வேகத்தில் வெளியேறுகிறது. க்ளோசபினுக்கு இந்த வித்தியாசம் இன்னும் முக்கியம். மருத்துவர் எழுதிய அளவு சரியாகவே இருக்கும், நோயாளியும் தவறாமல் சாப்பிடுவார், இரத்தத்தில் மருந்து போதாமல் இருக்கும்.

இதைச் செய்வது நிக்கோட்டின் அல்ல, புகை. கண்தாவலைக் குறைத்தது நிக்கோட்டின். மாத்திரையைக் கரைப்பது புகை. ஒட்டுப்பட்டையிலோ சூயிங்கத்திலோ வரும் நிக்கோட்டின் அந்த நொதியைத் தூண்டுவதில்லை. வாயில் அடக்கும் புகையிலையில் நிக்கோட்டின் ஏராளம், ஆனால் புகை இல்லை. ஆகவே பீடியை விட்டுவிட்டு வெற்றிலையோடு புகையிலைக்கு மாறும் நோயாளிக்கு நிக்கோட்டின் வரத்து குறையாமலே இருக்க, மாத்திரையின் அளவு மட்டும் இரத்தத்தில் ஏறத் தொடங்கும். வாய்ப்புற்றுநோய் அபாயம் தனியாக இருக்கிறது. சேலத்தில் இந்த மாற்றம் சர்வ சாதாரணம் என்பதால் சொல்கிறேன்.

இதிலிருந்து வரும் ஆபத்து, புகைப்பதைவிடத் திடீரென நிறுத்துவதில் உடனடியாகத் தெரியும். காலில் அடிபட்டோ காய்ச்சலிலோ நோயாளியை மருத்துவமனையில் சேர்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வார்டில் பீடி கிடையாது. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைக்கத் தடை இருக்கிறது, அது சரியான தடைதான். ஆனால் புகை நின்ற சில நாள்களிலேயே நொதி பழைய அளவுக்கு இறங்கிவிடும். அதே க்ளோசபின் மாத்திரையால் இரத்தத்தில் மருந்து ஒரு வாரத்துக்குள் ஒன்றரை மடங்கை எட்டுவதும் உண்டு. அளவுக்கு மீறிய உறக்கம், எச்சில் ஒழுகுதல், மலச்சிக்கல், தள்ளாட்டம் ஆகியவையும், சிலருக்கு வலிப்பும் வரும். அவர் வீடு திரும்பிப் பழையபடி புகைக்கத் தொடங்கினால் மருந்து மீண்டும் இறங்கும், நோய் தலைதூக்கும். எலும்பு முறிவைப் பார்க்கும் மருத்துவருக்கு இதைச் சொல்ல வேண்டியவர் கூட இருக்கும் உறவினர்தான். ரிஸ்பெரிடோன் போன்ற சில மருந்துகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை; ஆகையால் எந்த மாத்திரை என்பதைப் பெயரோடு தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு, அது காப்பி. காஃபீனைக் கரைப்பதும் இதே நொதிதான். புகைப்பவருக்குக் காஃபீன் விரைவாகத் தீர்ந்துவிடுவதால், நாளெல்லாம் வரக்காப்பி குடித்தும் இரவு தூங்குவார். புகையை விட்ட பிறகு அதே அளவு காப்பியைக் குடித்தால் தூக்கம் கெடும், கை நடுங்கும், படபடப்பு வரும். வீட்டார் அதை நோய் திரும்பிவிட்டதாக எண்ணிப் பயந்துபோவார்கள். க்ளோசபின் சாப்பிடுபவர் காப்பியை மிக அதிகமாகக் குடித்தால் மருந்தின் அளவும் கூடும், ஏனெனில் இரண்டும் ஒரே நொதிக்குப் போட்டியிடுகின்றன. என் தங்கை மகன் பீடியைக் குறைத்தபோது மருத்துவர் முதலில் கேட்டதே, ‘காப்பி எத்தனை டம்ளர்?’ என்றுதான்.

கண் என்று பேச்சு வந்ததால், என் பழைய தொழிலை ஒட்டி இரண்டு விஷயங்கள். இந்த நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் ‘எழுத்து மங்குகிறது’ என்று வந்தால், பெரும்பாலும் கை நடுக்கத்துக்காகக் கூடவே கொடுக்கும் டிரைஹெக்சிபெனிடில் மாத்திரையால் கிட்டப்பொருளைப் பார்க்கும் குவிப்புத் திறன் தளர்ந்திருக்கும். கண்ணாடிக் கடைக்குப் போவதற்கு முன் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஹாலோபெரிடால் போன்ற மருந்தைத் தொடங்கிய சில நாள்களில் கருவிழி இரண்டும் மேல்நோக்கிச் செருகி நின்றுவிட்டால், அது பேய் பிடித்தது அல்ல, மருந்தின் பக்கவிளைவு. ஊசி போட்டால் சிறிது நேரத்தில் சரியாகிவிடும், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். செய்தியில் சொன்ன கண்ணசைவுக்கும் இந்த இரண்டுக்கும் தொடர்பில்லை. புகையோ, கண்புரையையும் முதுமையில் வரும் விழித்திரை மையச் சிதைவையும் விரைவுபடுத்துவது.

இந்த நோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பத்து முதல் இருபது ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள் என்பது பல நாடுகளில் தெரிந்த உண்மை. அதற்குப் பெருங்காரணம் மாரடைப்பும் நுரையீரல் நோய்களும். இவர்களால் புகையை விட முடியாது என்பதும் சரியன்று. புகையை விடுவதற்குக் கொடுக்கும் நிக்கோட்டின் பட்டை, வரெனிக்ளின், புப்ரோபியோன் ஆகியவற்றை 8,000-க்கும் மேற்பட்டவர்களிடம் ஒப்பிட்டு 2016-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் ஏறத்தாழ பாதிப்பேர் மனநோய் உள்ளவர்கள். அவர்களுக்கும் இவை உதவின, மனநிலை இவற்றால் குறிப்பிடத்தக்க அளவில் மோசமாகவில்லை. எனினும் வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டும் புப்ரோபியோன் க்ளோசபின் சாப்பிடுபவருக்கு ஏற்றதா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். கட்டணமில்லாத 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம்.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். மருந்துக்கும் புகைக்கும் உள்ள தொடர்பைச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு மருத்துவர் ஒருவரிடம் கேட்டு, முன் வந்த செய்திக்குக் கொடுத்த அதே அளவு இடத்தில் வெளியிடுங்கள். மனநலப் புறநோயாளிச் சீட்டுகளில் ‘பீடி, சிகரெட், வாய்ப்புகையிலை: ஒரு நாளைக்கு எத்தனை, கடைசியாக எப்போது’ என்று ஒரு வரி அச்சிட மாவட்ட நலவாழ்வு அலுவலர்கள் ஆவன செய்யுமாறு தங்கள் தலையங்கத்தில் எழுதுங்கள். சீட்டை எழுதுபவர் கேட்காவிட்டாலும், கேள்வி அச்சில் இருந்தால் நோயாளியின் தாய் தானாகவே பதில் சொல்லிவிடுவார்.

குடும்பத்தில் உள்ளவரின் நலன் கருதி என் பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கண் மருத்துவ உதவியாளர்,
அஸ்தம்பட்டி, சேலம்.